சிந்து நதிநீர் ஒப்பந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாளே சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. அன்றுமுதல் "இனி ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது" என்பதிலிருந்து "இந்தியாவால் ஒன்றும் செய்ய முடியாது" என்பது வரை எல்லாவிதமான பேச்சும் தமிழ் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே சரியில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்ததை இங்கே சொல்கிறேன். என் கருத்து வரும் இடங்களில் அது கருத்து என்றே தெரியும்.

ஒப்பந்தம் என்னதான் சொல்கிறது?

சிந்துப் படுகையில் ஆறு பெரிய ஆறுகள். கிழக்கே இருக்கும் சட்லஜ், பியாஸ், ராவி மூன்றும் இந்தியாவுக்கு. மேற்கே இருக்கும் சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. மேற்கு நதிகள் இந்தியப் பகுதி வழியாக ஓடி வருவதால், அங்கே இந்தியா சில வரம்புகளுக்குள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது கூடும் இருநாட்டு ஆணையம் ஒன்று, தகராறு வந்தால் ஏறவேண்டிய படிகள், ஆற்று நீர்வரத்து அளவுகளைப் பகிரும் கடமை ஆகியவையும் உண்டு. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் ஜவாஹர்லால் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். உலக வங்கியின் சார்பில் அதன் துணைத் தலைவர் இலிஃப் கையெழுத்திட்டார். உடன்படிக்கை 12 பிரிவுகள்தான். ஆனால் அதன் உயிர் பின்னிணைப்புகளில் இருக்கிறது. மதகு எந்த மட்டத்தில் இருக்கலாம், எவ்வளவு நீரைத் தேக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது.

இது எவ்வளவு தண்ணீர்? நமக்குப் பழக்கமான கணக்கில் சொல்ல முடியுமா?

கிழக்கு நதிகளின் சராசரி ஆண்டு நீர்வரத்து ஏறத்தாழ 3.3 கோடி ஏக்கர் அடி. மேற்கு நதிகளுடையது ஏறத்தாழ 13.5 கோடி ஏக்கர் அடி. டி.எம்.சி.யில் மாற்றினால் முதலாவது 1,430-ஐ ஒட்டி வரும், இரண்டாவது 5,900-ஐ நெருங்கும். காவிரி நடுவர் மன்றம் அந்தப் படுகை முழுவதற்கும் எடுத்துக்கொண்ட அளவு 740 டி.எம்.சி. மேற்கு நதிகள் மூன்றும் சேர்ந்தால் எட்டுக் காவிரி. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சண்டை எங்கே தொடங்கியது?

வரைபடத்தில் இழுத்த கோட்டில். பஞ்சாபின் கால்வாய்கள் ஆங்கிலேயர் காலத்தில் ஒரே பாசன அமைப்பாகக் கட்டப்பட்டவை. 1947-இல் இந்தியா-பாகிஸ்தான் எல்லையாக வரையப்பட்ட ராட்கிளிஃப் கோடு அந்த அமைப்பின் நடுவே சென்றது. ராவியின் மாதோபூர் தலைமதகும் சட்லஜின் ஃபிரோஸ்பூர் தலைமதகும் இந்தியாவில் நின்றன. அவற்றிலிருந்து தண்ணீர் பெறும் வயல்களில் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போய்விட்டது.

இருந்தது இருந்தபடி தொடரட்டும் என்று இரண்டு பஞ்சாப் அரசுகளின் பொறியாளர்களும் 1947 டிசம்பரில் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்துகொண்டார்கள். அது 1948 மார்ச் 31-உடன் காலாவதியானது. மறுநாள், ஏப்ரல் 1 அன்று, இந்தியப் பக்கத்துக் கிழக்குப் பஞ்சாப் அரசு மதகை அடைத்தது. கரீஃப் எனப்படும் மழைக்காலப் பயிரின் விதைப்புக்கு நிலம் தயாராகும் நேரம் அது. மே 4 அன்று டெல்லியில் ஒரு தற்காலிக உடன்பாடு ஏற்பட்டு, தண்ணீர் மறுபடி திறக்கப்பட்டது. ஆனால் அந்த ஏப்ரல் பாகிஸ்தானின் நினைவிலிருந்து போகவே இல்லை. மேலே இருப்பவர் கையில் மதகு இருக்கிறது, நினைத்தால் மூடுவார் என்ற அச்சம்தான் அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் அடியில் ஓடுகிறது. செனாப்பில் இந்தியா கட்டிய பக்லிஹார் அணையின் மதகுகளைப் பற்றி 2007-இல் நடந்த வாதத்தைக்கூட 1948-ஐத் தெரிந்துகொள்ளாமல் புரிந்துகொள்ள முடியாது.

இதில் உலக வங்கி எப்படி வந்தது?

அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்த டேவிட் லிலியந்தால் 1951-இல் இரு நாடுகளுக்கும் வந்து பார்த்தார். திரும்பிப் போய், காஷ்மீர் பிரச்சினையிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுங்கள், இரு நாட்டுப் பொறியாளர்களும் உலக வங்கியின் உதவியோடு படுகை முழுவதையும் ஒன்றாக மேம்படுத்தட்டும் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். அப்போதைய வங்கித் தலைவர் யூஜின் பிளாக் அதைப் பிடித்துக்கொண்டார். 1952-இல் வாஷிங்டனில் பேச்சு தொடங்கியது. கையெழுத்தாக எட்டு ஆண்டுகள் ஆயின.

சேர்ந்து நிர்வகிக்கும் யோசனையில் தொடங்கி, ஏன் ஆறுகளைப் பிரிப்பதில் முடிந்தது?

ஒருவரை ஒருவர் நம்பத் தேவையில்லாத ஓர் ஏற்பாடுதான் இருவருக்கும் வேண்டியிருந்தது. கூட்டு நிர்வாகம் என்றால் ஒவ்வொரு பருவத்திலும் எவ்வளவு திறப்பது என்று உட்கார்ந்து பேச வேண்டும். பிரிவினையின் ரத்தம் காயாத காலத்தில் அதற்கு யாரும் தயாராக இல்லை. 1954 பிப்ரவரியில் வங்கி தன் திட்டத்தை முன்வைத்தது: மூன்று ஆறு உனக்கு, மூன்று ஆறு எனக்கு. கிழக்கு நதிகளை நம்பியிருந்த பாகிஸ்தான் கால்வாய்களுக்கு மேற்கு நதிகளிலிருந்து இணைப்புக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டால், இந்தியாவின் மதகை அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

பாகப்பிரிவினையில் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிக்கொள்வார்களே, அதுபோன்ற தீர்வு இது. அன்றைக்குச் சண்டை ஓயும். கிணறு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் காலத்தில் இதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆற்றை ஒரு முழு உயிராகப் பார்க்கும் வாய்ப்பு அன்றே கைநழுவிப் போனது. அதன் விலையை ராவி இன்றும் கொடுக்கிறது. இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த ஆறு, லாகூரை அடையும்போது ஆண்டின் பெரும்பகுதியில் கழிவுநீர் ஓடும் தடமாக இருக்கிறது. ஆற்றுக்கென்று கொஞ்சம் நீர் விடவேண்டும் என்று ஒப்பந்தம் எங்கும் சொல்லவில்லை.

செலவை யார் ஏற்றார்கள்?

பாகிஸ்தானில் கட்டவேண்டிய மாற்று வேலைகளுக்காக இந்தியா 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டை 10 ஆண்டுத் தவணைகளில் கொடுத்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளும் உலக வங்கியும் சேர்ந்து சிந்துப் படுகை மேம்பாட்டு நிதியை உருவாக்கின. ஜீலத்தின் மங்களா அணை, சிந்துவின் தர்பேலா அணை, இணைப்புக் கால்வாய்கள், தடுப்பணைகள் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. 1965-இல் இரு நாடுகளும் போரிட்டன. இந்தியா தவணையை நிறுத்தவில்லை.

பணத்தைத் தவிர வேறு விலை கொடுத்தவர்கள்?

இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். மங்களா நீர்த்தேக்கத்துக்காக மீர்பூர் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடும் நிலமும் இழந்தார்கள். அவர்களில் பலர் பிரிட்டனின் தொழில்நகரங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். இன்று அங்கே வாழும் பாகிஸ்தான் வம்சாவளியினரில் பெரும்பகுதியினரின் பூர்விகம் மீர்பூர்தான். இந்தப் பக்கம் பியாஸ் நதியில் எழுந்த போங் அணை, இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் ஏராளமான விவசாயக் குடும்பங்களைப் பெயர்த்தது. ராஜஸ்தானில் நிலம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். பல குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைகளும் அந்த நிலத்துக்காக அலைந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூழ்கிய ஊர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடைக்கவில்லை.

80 விழுக்காட்டை விட்டுக்கொடுத்து இந்தியா ஏமாந்துவிட்டதா?

மொத்த நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாகிஸ்தானுக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. 1947-க்கு முன்பே பாசனத்துக்குப் பழகியிருந்த நிலத்தில் மிகப்பெரும் பகுதி பாகிஸ்தான் பக்கம் இருந்தது. இந்தியாவுக்கு வேண்டியிருந்தது கிழக்கு நதிகள்மேல் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முழு உரிமை. அது கிடைத்தது. பக்ரா, போங், ரஞ்சித் சாகர் அணைகளும், தார்ப் பாலைவனத்துக்குள் தண்ணீர் கொண்டுபோகும் இந்திரா காந்தி கால்வாயும் அந்த உரிமையின்மேல் நிற்கின்றன. பஞ்சாப், ஹரியாணாவின் கோதுமை அந்தத் தண்ணீரில் விளைகிறது.

கிழக்கு நதிகளில் தனக்குரியதில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாக இந்திய அரசு 2019-இல் சொன்னது. மீதியில் ஒரு பங்கு ராவி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கவேண்டிய ஷாபூர்கண்டி அணை நாற்பது ஆண்டுக்கும் மேல் இழுபட்டு 2024-இல்தான் முடிந்தது. அந்தத் தாமதத்தில் பாகிஸ்தானுக்குப் பங்கில்லை. பஞ்சாப் அரசுக்கும் ஜம்மு காஷ்மீர் அரசுக்கும் இடையிலான தகராறு ஒரு முக்கியக் காரணம். ஒப்பந்தத்தைக் குறை சொல்லுமுன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கு நதிகளில் இந்தியா என்ன செய்யலாம்?

குடிநீர், வீட்டு உபயோகம், வரையறுக்கப்பட்ட பரப்புக்குப் பாசனம், நீர்மின் உற்பத்தி ஆகியவை அனுமதிக்கப்பட்டவை. மொத்தமாக 36 லட்சம் ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 157 டி.எம்.சி. வரை தேக்கிக்கொள்ளவும் இடமுண்டு. அந்த உரிமையில் பெரும்பகுதி இன்னும் பயன்படுத்தப்படவில்லை. நீர்மின் நிலையங்களைப் பொறுத்தவரை, ஓடிவரும் நீரைச் சுழலிக்குள் செலுத்தி உடனே ஆற்றில் விட்டுவிடும் வகையில் அவை அமையவேண்டும். மின்தேவை ஏறி இறங்குவதைச் சமாளிக்க ஒரு சிறு இயக்கத் தேக்கம் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மதகின் உயரத்துக்காக ஏன் இத்தனை ஆண்டு வழக்கு?

ஒப்பந்தத்தின் நாடித்துடிப்பே இங்குதான் இருக்கிறது.

இமயமலை ஆறுகள் வண்டலைச் சுமந்து வருகின்றன. அணைக்குப் பின்னால் வண்டல் படிந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற, அணையின் அடியில் பெரிய மதகுகள் வேண்டும் என்பார் எந்தப் பொறியாளரும். ஆனால் அடியில் இருக்கும் அதே மதகு, தேக்கத்தை முழுக்கக் காலிசெய்யவும் பின்பு ஆற்றை மறித்து நிரப்பவும் உதவும். கீழே இருப்பவருக்கு அது 1948-இன் மதகு. மேலே இருப்பவருக்கு அது அணையின் ஆயுள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது முடிவதில்லை.

செனாப்பின் சலால் அணையில் இந்தியா விட்டுக்கொடுத்தது. 1978-இல் பாகிஸ்தானோடு செய்த உடன்பாட்டின்படி மேல்மதகுகளின் உயரம் குறைக்கப்பட்டது, அடிமதகுகள் அடைக்கப்பட்டன. நட்புக்கு நல்ல அடையாளம் என்று அன்று பாராட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே சலாலின் தேக்கம் வண்டலால் நிறைந்துபோனது. அந்த அனுபவம் இந்தியப் பொறியாளர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அதே ஆற்றில் மேலே பக்லிஹார் அணை கட்டும்போது அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள்.

2005-இல் பாகிஸ்தான் உலக வங்கியிடம் நடுநிலை நிபுணரைக் கேட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரேமோன் லஃபித் நியமிக்கப்பட்டார். 2007 பிப்ரவரியில் அவர் தந்த முடிவில் அடிப்படை வடிவமைப்பு ஏற்கப்பட்டது. வண்டல் பராமரிப்புக்கு மதகுகள் தேவை என்றார். அதோடு அணையின் மேல்விளிம்பை ஒன்றரை மீட்டர் குறைக்கவும், இயக்கத் தேக்கத்தை 3.75 கோடி கன மீட்டரிலிருந்து 3.256 கோடியாகக் குறைக்கவும், நீர் உள்வாங்கும் மட்டத்தை உயர்த்தவும் சொன்னார். இரு அரசுகளும் தங்களுக்கு வெற்றி என்று அறிவித்தன. இரண்டுக்கும் கொஞ்சம் கிடைத்தது, வேலை நடந்தது.

தகராறு வந்தால் யாரிடம் போகவேண்டும்?

மூன்று படிகள். சந்தேகம் எழுந்தால் அது முதலில் நிரந்தர சிந்து ஆணையத்துக்குப் போகும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓர் ஆணையர் அதில் இருப்பார், அவர் நீர்த்துறையில் உயர்நிலைப் பொறியாளராக இருக்கவேண்டும். அங்கே தீராத தொழில்நுட்ப வேறுபாடு நடுநிலை நிபுணரிடம் போகும். சட்டச் சிக்கல் என்றால் ஏழு பேர் கொண்ட நடுவர் நீதிமன்றம்.

வெளியே பெரிதாகத் தெரிவது மேலிரண்டு படிகள்தான். என் மதிப்பில் முதல் படிக்குத்தான் பெருமை சேரவேண்டும். பக்லிஹார் தேக்கத்தை 2008-இல் முதன்முறை நிரப்பியபோது செனாப்பில் நீர் குறைந்தது என்று பாகிஸ்தான் புகார் சொன்னது. அந்த விவகாரம் 2010-இல் ஆணையத்துக்குள்ளேயே முடிந்தது. செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வராத இப்படிப்பட்ட தீர்வுகளால்தான் ஒப்பந்தம் இத்தனை ஆண்டு நடந்தது.

போர்கள் நடந்தபோதும் ஒப்பந்தம் தொடர்ந்தது என்கிறார்களே?

1965, 1971, 1999 கார்கில் என்று மூன்று போர்க்காலங்களிலும் அது ரத்தாகவில்லை. உரி தாக்குதலுக்குப் பிறகு 2016 செப்டம்பரில், ரத்தமும் தண்ணீரும் ஒன்றாக ஓட முடியாது என்று பிரதமர் மோடி சொன்னார். அப்போதும் ஒப்பந்தம் நிறுத்தப்படவில்லை. ஆனால் எல்லாம் சுமுகமாக நடந்ததாக நினைத்துவிட வேண்டாம். காஷ்மீரின் வூலர் ஏரிக்குக் கீழே ஜீலத்தில் இந்தியா தொடங்கிய துல்புல் தடுப்பணைக் கட்டுமானம் பாகிஸ்தானின் ஆட்சேபத்தால் 1987-இல் நின்று, பேச்சு பேச்சாகவே போனது.

கிஷன்கங்கா வழக்கில் புதிதாக என்ன?

ஜீலத்தின் துணையாறான கிஷன்கங்காவை, பாகிஸ்தான் பக்கம் நீலம் என்று அழைக்கப்படுவதை, சுரங்கம் வழியாகத் திருப்பி மின்சாரம் எடுக்கும் 330 மெகாவாட் திட்டம் அது. 2010-இல் பாகிஸ்தான் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. திருப்பிவிட இந்தியாவுக்கு உரிமை உண்டு, ஆனால் அணைக்குக் கீழே எந்நேரமும் நொடிக்கு 9 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 318 கன அடி, விட்டே ஆகவேண்டும் என்று 2013 டிசம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இந்த ஒப்பந்தத்தின் கீழ் முதன்முதலாகச் சொன்ன தீர்ப்பு இதுவே. 1960-இல் யாரும் எழுதாததை நீதிபதிகள் படித்தெடுத்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த தீர்ப்பு.

ஒரே தகராறுக்கு இரண்டு விசாரணை நடந்தது எப்படி?

கிஷன்கங்காவின் வடிவமைப்பையும் செனாப்பின் 850 மெகாவாட் ரத்லே திட்டத்தையும் பற்றி நடுவர் நீதிமன்றம் வேண்டும் என்றது பாகிஸ்தான். நடுநிலை நிபுணர் போதும் என்றது இந்தியா. 2016 டிசம்பரில் இரண்டையும் உலக வங்கி நிறுத்திவைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022-இல், இரண்டையும் ஒரே நேரத்தில் நியமித்தது. இது பெரிய பிழை என்றே நினைக்கிறேன். ஏணியின் இரண்டு படிகளில் இரண்டு காலையும் ஒரே சமயத்தில் வைக்கச் சொன்னார்கள். இந்தியா நீதிமன்றத்தைப் புறக்கணித்தது. 2023 ஜனவரியில் ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பியது, 2024-இல் மறுபடி அனுப்பியது. பஹல்காமுக்கு முன்பே பிடி தளர்ந்திருந்தது.

ஒப்பந்தத்தை "நிறுத்திவைக்க" சட்டத்தில் இடமுண்டா?

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. இரு நாடுகளும் சேர்ந்து இன்னோர் உடன்படிக்கை செய்தால்தான் இது முடிவுக்கு வரும் என்கிறது 12-ஆம் பிரிவு. மக்கள்தொகை, தூய எரிசக்தித் தேவை என்று அடிப்படைச் சூழலே மாறிவிட்டது, எல்லை தாண்டிய பயங்கரவாதம் தொடர்கிறது என்பவை இந்தியா காட்டும் காரணங்கள். உடன்படிக்கைகள் பற்றிய 1969 வியன்னா மாநாட்டு உடன்பாடு இப்படிப்பட்ட வாதத்துக்குக் கடுமையான நிபந்தனைகளோடு இடம் தருகிறது. ஆனால் இந்தியா அதில் உறுப்பு நாடு இல்லை. பாகிஸ்தான் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. நிறுத்திவைப்பு தன் அதிகாரத்தைப் பாதிக்காது என்று நடுவர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. அந்த நீதிமன்றமே செல்லாது என்று இந்தியா பதில் சொன்னது. தீர்ப்பை நடைமுறைப்படுத்த மேலே எந்தக் காவலரும் இல்லை.

சரி, தண்ணீரை நிறுத்திவிட முடியுமா?

இன்றைய கட்டுமானங்களை வைத்து முடியாது. கணக்கைப் பாருங்கள். பக்லிஹாரின் இயக்கத் தேக்கம் டி.எம்.சி.யில் 1.15. நொடிக்கு 50,000 கன அடி வரும் கோடைக்கால செனாப்பில் அது ஆறரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதற்குப் பின் வரும் நீரைக் கீழே விட்டே ஆகவேண்டும். ஆண்டுக்கு 5,900 டி.எம்.சி.யை நிறுத்தவேண்டுமானால் மேட்டூர் அளவில் அறுபதுக்கும் மேற்பட்ட அணைகள் நிரம்பவேண்டும். செங்குத்தான மலைகளும் நிலநடுக்க அபாயமும் உள்ள பகுதி அது. நீரை வேறு பக்கம் திருப்பச் சுரங்கங்களும் கால்வாய்களும் பல பத்தாண்டு வேலை.

அப்படியானால் பாகிஸ்தானுக்கு ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. அளவைவிட நேரம் ஆபத்தானது. பக்லிஹாரின் முழுக் கொள்ளளவு, வடிவமைப்பின்படி, ஏறத்தாழ 14 டி.எம்.சி. அதை அடிவரை காலிசெய்துவிட்டு, நொடிக்கு 8,000 கன அடி மட்டுமே வரும் வறண்ட காலத்தில் மறுபடி நிரப்பினால், இருபது நாள் வரை ஆற்றை மறிக்க முடியும். கோதுமைக்கு உயிர்த்தண்ணீர் வேண்டிய நாட்களிலோ நெல் நாற்று விடும் நாட்களிலோ அது நடந்தால், ஆண்டுக் கணக்கில் ஒரு சொட்டும் குறையாமலேயே பயிர் கருகும். கடைமடை விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 2025 மே தொடக்கத்தில் சலாலிலும் பக்லிஹாரிலும் வண்டல் வெளியேற்றம் நடந்ததாகச் செய்தி வந்தபோது பாகிஸ்தான் பதறியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று தகவல். ஒவ்வொரு நாளின் நீர்வரத்தையும் அளந்து மாதந்தோறும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு. வெள்ள எச்சரிக்கைக்கு 1989 முதல் தனி ஏற்பாடும் இருந்தது. 2025 ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆறு பெருகியபோது, இந்தியா ஆணையத்தின் வழியாகச் சொல்லாமல், மனிதாபிமான அடிப்படையில் என்று இஸ்லாமாபாதிலுள்ள தன் தூதரகம் மூலம் சொன்னது. சொன்னது நல்ல காரியம். ஆனால் வெள்ளச் செய்தி ஓர் அரசின் மனநிலையைப் பொறுத்து வரக்கூடாது. மற்ற எதை நிறுத்தினாலும் அளவுகளையும் எச்சரிக்கையையும் நிறுத்தாதீர்கள் என்பதே நான் இரு பக்கத்துக்கும் சொல்ல விரும்புவது. அணைக்கு அடியில் தூங்குபவருக்கும் பஹல்காமில் சுட்டவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

காஷ்மீர் மக்களும் சிந்து மாகாண மக்களும் என்ன சொல்கிறார்கள்?

மேற்கு நதிகள் தங்கள் மண்ணில் ஓடியும் தாராளமாகத் தேக்கவும் மின்சாரம் எடுக்கவும் முடியவில்லை என்பது காஷ்மீரின் பழைய மனக்குறை. ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யக் கோரி ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவை 2002-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆற்றின் மறுமுனையில் சிந்து மாகாணம், மேலே இருக்கும் பாகிஸ்தான் பஞ்சாப் தன் பங்கை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. மாகாணங்களுக்கு இடையே 1991-இல் பங்கீட்டு உடன்பாடு வந்தும் சண்டை ஓயவில்லை. சோலிஸ்தான் பாலைவனத்துக்குப் புதிய கால்வாய்கள் வெட்டும் திட்டத்தை எதிர்த்து 2025-இல் சிந்துவில் சாலைகளை மறித்தார்கள். ஏப்ரல் இறுதியில் அரசு பின்வாங்கியது. கழிமுகத்தில் நன்னீர் குறைந்து கடல் உள்ளே ஏறி, விளைநிலங்கள் உப்பாகிவிட்டன. டெல்லியும் இஸ்லாமாபாதும் மட்டும் பேசும் ஒப்பந்தத்தில் இந்தக் குரல்கள் கேட்பதில்லை.

ஒப்பந்தத்தில் விட்டுப்போனவை எவை?

நிலத்தடி நீர். இரண்டு பஞ்சாபும் ஆழ்துளைக் கிணறுகளால் ஒரே நீர்ப்படுகையை உறிஞ்சுகின்றன, அதைப் பற்றி ஒரு விதியும் இல்லை. பனிப்பாறைகள் உருகி நீர்வரத்தின் காலம் மாறுவது 1960-இல் யாரும் நினைத்திராதது. சிந்துவும் சட்லஜும் திபெத்தில் பிறக்கின்றன, காபூல் ஆறு ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. சீனாவும் ஆப்கானிஸ்தானும் ஒப்பந்தத்தில் இல்லை. திருத்தம் வேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் திருத்தத்துக்கும் உட்கார்ந்து பேசவேண்டும்.

உலகில் எங்காவது ஆற்றைப் பிரிக்காமல் சேர்ந்து நடத்துகிறார்களா?

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் 1972-இல் ஓர் அமைப்பைத் தொடங்கின, பின்னர் கினியும் சேர்ந்தது. தியாமா, மனந்தாலி அணைகள் எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் கூட்டுச் சொத்து. கடனும் கூட்டு, மின்சாரமும் பங்கு. 1989-இல் செனகலுக்கும் மொரித்தானியாவுக்கும் ரத்தக்களரியான மோதல் வெடித்துத் தூதரக உறவே அறுந்தது. அமைப்பு உடையவில்லை.

இந்தியாவின் மற்ற நீர் ஒப்பந்தங்களுக்கு என்ன ஆகும்?

அருகில் நிற்பது கங்கை. வங்கதேசத்தோடு 1996 டிசம்பர் 12 அன்று பிரதமர் தேவே கவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டுகள். 2026 டிசம்பரில் முடிகிறது. ஜனவரி முதல் மே வரை மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணைக்கு வரும் நீரைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நீர்வரத்து நொடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் சரிபாதி. அதில் நடுநிலை நிபுணரும் கிடையாது, நடுவர் நீதிமன்றமும் கிடையாது. தகராறு வந்தால் கூட்டு ஆறுகள் ஆணையம், அதற்குமேல் இரு அரசுகள், அவ்வளவுதான். புதுப்பிக்கும்போது டாக்காவின் பேச்சாளர்கள் சிந்துவில் நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மேசைக்கு வருவார்கள். தகராறு தீர்க்கும் படிகளை எழுத்தில் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். கேட்டால், கொடுப்பதே இந்தியாவுக்கும் நல்லது. பிரம்மபுத்திரா விஷயத்தில் சீனாவுக்குக் கீழே இருப்பது நாம்தான். அங்கே நம் கையில் நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை.